கன்டெய்னர் புரொஃபைலிங் பயிற்சி: உள்ளே என்னதான் கற்றுத்தருகிறார்கள்?

கரைக்காவலன்:

எல்லோருக்கும் வணக்கம். ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுங்க அமைப்பும் சேர்ந்து தொடங்கிய கன்டெய்னர் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பாணியில் ஒரு புரொஃபைலிங் பயிற்சிக்கு, அதாவது எந்தப் பெட்டியைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுக்கும் பயிற்சிக்கு, எங்கள் பிரிவில் பெயர் கேட்டிருக்கிறார்கள். நான் கஸ்டம்ஸில் பிரிவென்டிவ் பக்கம், அதாவது கடத்தல் தடுப்பு. கிடங்கு, படகு, லாரி சோதனை தெரியும். கன்டெய்னர் பேப்பர் வேலை அவ்வளவாகப் பழக்கமில்லை.

இது ஆவணம் படிக்கும் பயிற்சியா, பெட்டியைத் திறந்து பார்க்கும் பயிற்சியா? எந்தப் பெட்டியைப் பார்ப்பது என்று கம்ப்யூட்டரே தேர்வு செய்கிறதே, பிறகு ஆள் உட்கார்ந்து எதற்குத் தேட வேண்டும்? இன்னொன்று, போய்வந்தவர்கள் சான்றிதழை ஃபைலில் போட்டுவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடுகிறார்கள் என்று பேச்சு. அது பயிற்சியின் கோளாறா, ஆபீசின் கோளாறா? பாங்காக்கில் அமெரிக்கர்கள் நடத்தும் அகாடமிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சரக்குத்தாள்:

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள் சார். உலகத்தில் ஓடும் கன்டெய்னர்களில் திறந்து பார்க்கப்படுவது 2 சதவீதத்துக்கும் குறைவு. அதைக் கூட்ட முடியாது. கூட்டினால் துறைமுகம் நின்றுவிடும். ஆகவே அந்த 2 சதவீதம் எது என்பதுதான் பயிற்சி முழுக்க. 2004-இல் ஈக்வடார், கானா, பாகிஸ்தான், செனகல் என்று நான்கு நாடுகளில் இந்தத் திட்டம் தொடங்கியபோதும் இதே கணக்குதான். சுங்கம், போலீஸ், போதைத் தடுப்பு ஆட்களை ஒரே அறையில், ஒரே மேஜையில் உட்காரவைப்பது அதன் மூலக் கருத்து. வழக்கமாக இரண்டு வாரம் வகுப்பு, பிறகு உங்கள் துறைமுகத்திலேயே இரண்டு வாரம் செய்முறை, அதன்பின் அவ்வப்போது வழிகாட்டிகள் வந்து பார்ப்பார்கள். வகுப்பு நாட்களில் பெட்டி வாசனையே வராது. எல்லாம் தாள்தான்.

தாள் என்றால் பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது, சுருக்கமாக பி.எல்.), மேனிஃபெஸ்ட் (கப்பலின் சரக்குப் பட்டியல்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட். பி.எல்.லில் அனுப்புபவர், பெறுபவர், தகவல் பெறுபவர் என்று மூன்று கட்டம் இருக்கும். பெறுபவர் இடத்தில் பெயர் சொல்லாமல் 'டு ஆர்டர்' (உத்தரவுப்படி) என்று மட்டும் போட்டு, தகவல் பெறுபவர் இடத்தில் ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் முகவர்) பெயர் இருந்தால், சரக்கு யாருடையது என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. வங்கிக் கடன் வாங்கி நடக்கும் நேர்மையான வியாபாரத்திலும் 'டு ஆர்டர்' சகஜம் என்பதை மறக்கக் கூடாது. அதனால் ஒரு அறிகுறியை வைத்துப் பெட்டியை நிறுத்துவது வீண் வேலை. மூன்று நான்கு ஒன்றாகச் சேர வேண்டும்: ஐ.இ.சி. எண் (இறக்குமதி, ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்) போன மாதம் வாங்கியது, முகவரி ஒரு அடுக்குமாடி வீடு, இதுவரை செய்த தொழிலுக்கும் இந்தச் சரக்குக்கும் சம்பந்தமில்லை, கப்பல் கிளம்பிய பிறகு பெறுபவர் பெயர் மாறியிருக்கிறது, இப்படி.

வகுப்பில் அதிக நேரம் போவது 'இந்த வியாபாரத்தில் காசு எங்கே?' என்ற கேள்விக்கு. 2021 செப்டம்பரில் முந்த்ராவில் 2,988 கிலோ ஹெராயின் பிடிபட்டதே, அதன் தாளை மட்டும் மனதில் வைத்துப் பாருங்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து டால்க் கல், ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக, குஜராத்தில் இறக்குமதி, பெறுபவர் முகவரி விஜயவாடா. டால்க் கல் விலை குறைந்த சரக்கு. அதை மேற்குக் கரையில் இறக்கி நாட்டின் குறுக்கே லாரியில் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோனால் லாபம் எங்கே நிற்கும்? விசாகப்பட்டினமும் கிருஷ்ணபட்டணமும் பக்கத்தில் இருக்க ஏன் முந்த்ரா? அங்கே சரக்கைப் பிடித்தது உளவுத் தகவலின் வேலை. ஆனால் தகவல் வராவிட்டாலும் நிறுத்திக் கேள்வி கேட்கும் அளவுக்குத் தாளிலேயே விஷயம் இருந்தது. அந்தக் கண்ணைத்தான் வகுப்பு பழக்குகிறது.

அடுத்து எடை. 20 அடிப் பெட்டியின் உள் கொள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர். 'பிளாஸ்டிக் பொம்மை, 20 டன்' என்று வந்தால் கன மீட்டருக்கு 600 கிலோ ஆகிறது. அந்த அடர்த்திக்குப் பொம்மை வராது, மரக்கட்டை வரும். 2016 ஜூலை 1 முதல் கப்பலில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியின் எடையையும் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த எடை, பி.எல். எடை, இறங்கும் இடத்து எடைமேடை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டியின் சொந்த எடையை, 20 அடிக்குச் சுமார் 2.2 டன், 40 அடிக்குச் சுமார் 3.8 டன், கழிக்க மறந்துவிட்டு 'வித்தியாசம் கிடைத்துவிட்டது' என்று குதிப்பவர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு.

கன்டெய்னர் எண்ணையும் கையால் சரிபார்க்கக் கற்றுக்கொண்டு போங்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு சோதனை இலக்கம். எழுத்துகளுக்கு மதிப்பு: ஏ 10, பி 12 என்று ஏறும், 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிட வேண்டும். முதல் இடத்தை 1-ஆல், அடுத்ததை 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவது இடத்தை 512-ஆல் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்த மீதிதான் சோதனை இலக்கம். பாடத்தில் வரும் வழக்கமான உதாரணம் சி-எஸ்-க்யூ-யூ 305438. எழுத்துகள் 13, 30, 28, 32. கூட்டினால் 13+60+112+256+48+0+320+512+768+4096 = 6185. பதினொன்றால் வகுத்தால் மீதி 3. பெட்டியில் 3 இல்லாமல் வேறு இலக்கம் இருந்தால் ஒன்று தட்டச்சுப் பிழை, இல்லையென்றால் பெட்டிக்கு யாரோ புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

மேலே சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை: மீதி 10 வந்தால் அதை 0 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல பெட்டியைச் சந்தேகப்படுவார்கள்.

கம்ப்யூட்டர் பற்றி. அது பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதியாளர் சுங்கத்துக்குத் தரும் விவரத்தாள்) தாக்கல் ஆன சரக்கைத்தான் முழுதாகப் பார்க்கும். அதற்கு முன் இருப்பது மேனிஃபெஸ்டில் ஒரு வரி. டிரான்ஷிப்மென்ட் பெட்டிக்கு, அதாவது இங்கே கப்பல் மட்டும் மாறி வேறு நாட்டுக்குப் போகும் பெட்டிக்கு, அந்த ஒரு வரிக்கு மேல் எதுவுமே வராது. தவிர, அதன் விதிகள் ஏற்கெனவே பிடிபட்டதை வைத்து எழுதப்பட்டவை. நேற்றைய கடத்தலைத்தான் இன்றைக்குத் தேடும். அது வரி ஏய்ப்புக்கு நன்றாக வேலை செய்கிறது என்பதில் சந்தேகம் வேண்டாம். போதைப்பொருளுக்குப் போதாது, ஏனென்றால் பிடிபட்டவை அவ்வளவு குறைவு, அது கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

போல்ட்சீல்:

தாள் பக்கம் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லிவிட்டார்கள். நான் பெட்டிப் பக்கம்.

ஆனால் முதலில் ஒன்று. சரக்குத்தாள் சார் சொன்ன அறிகுறிகள் எல்லாம் இறக்குமதியாளரே கூட்டாளி என்று வைத்துக்கொண்டால் மட்டும் பொருந்தும். கன்டெய்னரில் வரும் தென் அமெரிக்கக் கொக்கெயினில் நிறைய 'ரிப்-ஆஃப்' முறையில் போகிறது. ஏற்றும் துறைமுகத்திலோ நடுவிலோ சீலை வெட்டி, கதவை ஒட்டி நாலைந்து பைகளைப் போட்டு, புது சீல் மாட்டிவிடுவார்கள். இறங்கும் துறைமுகத்தில் இன்னொரு கூட்டம் எடுத்துவிடும். அனுப்புபவரும் பெறுபவரும் இருபது வருட நல்ல வியாபாரிகளாக இருப்பார்கள், அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. இங்கே ஆளை ஆராய்ந்து பிரயோஜனமில்லை. எந்தத் துறைமுகத்தில் ஏறியது, நடுவில் எத்தனை நாள் யார்டில் கிடந்தது, இறங்கியதும் யாராவது அதை ஓர் ஓரத்துக்கு நகர்த்தச் சொன்னார்களா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு வகைக்கும் இரண்டு தனித்தனி புரொஃபைல். இதைக் கலந்து குழப்பிக்கொண்டால் இரண்டும் தப்பிவிடும்.

இப்போது பெட்டி. கதவில் கைவைப்பதற்கு முன் காற்று. மரம், அரிசி, பருப்பு, பேக்கிங் மரச்சட்டம் உள்ள எந்தச் சரக்கும் புகைமூட்டப்பட்டிருக்கலாம். எச்சரிக்கை ஸ்டிக்கர் பாதி நேரம் இருக்காது, இருந்தாலும் பழையதாக இருக்கும். மெத்தில் புரோமைடுக்கு மணமே கிடையாது. பாஸ்பீன் மீன், பூண்டு நாற்றம் அடிக்கும், ஆனால் மூக்கை நம்பக்கூடாது. கதவு ரப்பர் வழியே வாயு மீட்டரின் குழாயை நுழைத்து அளந்து, பாஸ்பீன் 0.3 பி.பி.எம். தாண்டினாலோ ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் காற்று வரும் திசையில் தள்ளி நிற்க வேண்டும். காற்றோட்டம் விட்டபின் மறுபடி அளக்க வேண்டும். நிறைய இடங்களில் மீட்டர் வாங்கிக்கொடுத்திருப்பார்கள், சென்சார் காலாவதியாகிக் கிடக்கும். வருடா வருடம் கேலிபிரேஷனுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி இப்போதே எழுதிவையுங்கள்.

இரண்டாவது, சாய்ந்த சரக்கு. இரண்டு கதவுக்கும் குறுக்கே பட்டை கட்டிவிட்டு வலது கதவை ஒரு சாண் மட்டும் திறக்க வேண்டும். மூட்டை, மரம், கல் மேலே விழுந்தால் ஆள் பிழைக்க மாட்டார்.

சீலை நான்கு விதமாகச் சோதிப்பார்கள்: பார், எண்ணை ஒப்பிடு, இழு, திருகு. உயர்பாதுகாப்பு போல்ட் சீல் என்றால் ஐ.எஸ்.ஓ. 17712 தரப்படி 'ஹெச்' எழுத்து இரண்டு பாகத்திலும் இருக்க வேண்டும். நகல் சீலில் எண் சரியாக இருக்கும். எழுத்தின் ஆழம், நிறம், அச்சு மாறும். ஒரே கப்பல் கம்பெனியின் வேறு இரண்டு சீலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும்.

சீல் கை படாமலே பெட்டியைத் திறக்கவும் வழி உண்டு. பயிற்சியில் இதற்கு அரை நாள் போகும். வலது கதவின் கைப்பிடியை, அது சுழலும் இடத்தில் ஒரு ரிவெட் பிடித்திருக்கும். அதைத் துளையிட்டு எடுத்தால் கைப்பிடி கழன்று வந்துவிடும், சீல் அப்படியே தொங்கும். வேலை முடிந்ததும் ரிவெட் மாதிரித் தலை உள்ள போல்ட்டை மாட்டிப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். பார்க்க வேண்டியது: மற்ற கைப்பிடி ரிவெட்டுகளோடு ஒப்பிட்டால் ஒன்று மட்டும் பளபளப்பா, பெயிண்ட் நிறம் ஒரு பிடி மாறியிருக்கிறதா, நகத்தால் சுரண்டினால் பசை வருகிறதா, கதவின் உட்பக்கம் நட் தெரிகிறதா. கீல் முனைகளிலும் இதே கதை. டார்ச்சை நேராக அடிக்காமல் கதவை ஒட்டிச் சாய்த்து அடியுங்கள், மேடுபள்ளம் நிழலாகத் தெரியும்.

காலிப் பெட்டி என்றால் லேசர் அளவுகோல். 20 அடியின் உள் நீளம் சுமார் 5.90 மீட்டர், 40 அடிக்குச் சுமார் 12.03, அகலம் 2.35, உயரம் 2.39, ஹை கியூப் (உயரம் கூடிய பெட்டி) என்றால் 2.69. கம்பெனிக்குக் கம்பெனி இரண்டொரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும், அதற்கெல்லாம் கலவரப்பட வேண்டாம். 15 செ.மீ. குறைந்தால் முன்சுவருக்குப் பின்னால் 0.84 கன மீட்டர் மறைவு இருக்கிறது என்று அர்த்தம். அளவுகோல் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம்: முன்சுவர் நெளிநெளியாக இருக்க வேண்டும், மூலைக் கட்டைகளும் கூரையோரக் காற்றுத்துளைகளும் உள்ளே தெரிய வேண்டும். சுவர் சப்பையாக இருந்து மூலைக் கட்டை தெரியவில்லை என்றால் அது கம்பெனி சுவர் இல்லை. உள்ளே ஏறும்போது தரை ஒரு படி உயர்ந்திருந்தாலும் அப்படித்தான்.

ரீஃபரில், அதாவது குளிரூட்டும் கன்டெய்னரில், பார்க்க வேண்டிய மறைவிடங்கள் ஆவியாக்கி விசிறிக்குப் பின்னால் உள்ள அறை, கம்ப்ரசர் பக்கப் பலகை. ஸ்க்ரூ தலையில் புதுக்கீறல் இருக்கிறதா பாருங்கள். ரீஃபரை வெயிலில் திறந்துபோட்டு மூன்று மணி நேரம் தேடாதீர்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் அழுகிய சரக்குக்கு நஷ்டஈடு கேட்டு வருவார்கள், அடுத்த முறை உங்கள் மேலதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். குளிர்கிடங்கு வாசலில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

ஸ்கேனர் பற்றி இரண்டே வரி. ஒரே மாதிரி அடுக்கிய சரக்கில் அது ராஜா. மரம், பழைய இரும்பு, கலப்பு வீட்டுச்சாமான் என்றால் படம் முழுக்கக் கறுப்புத் திட்டு, அதில் எது பை எது கட்டை என்று யாராலும் சொல்ல முடியாது. கடத்துபவருக்கும் இது தெரியும்.

கரைக்காவலன்:

ரிவெட் விஷயம் இவ்வளவு விவரமாக இப்போதுதான் கேட்கிறேன், நன்றி. மரம் என்றதும் தூத்துக்குடி ஞாபகம் வருகிறது. 2021 ஏப்ரலில் டி.ஆர்.ஐ. (வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம்) பிடித்த 300 கிலோவுக்கு மேற்பட்ட கொக்கெயின் மரத்தடிக்கு நடுவில்தானே இருந்தது? அந்தப் பெட்டி வழியில் எத்தனையோ துறைமுகம் தாண்டி வந்தது. நடுவில் இருப்பவர்கள் ஏன் பார்க்கவில்லை, அவர்களோடு நாம் எப்படிப் பேசுவது என்பதையும் பயிற்சியில் சொல்வார்களா? பிடித்த பிறகு என்ன செய்வது என்பதும் வேண்டும்.

கப்பல்வாசல்:

வணக்கம். கொழும்புப் பக்கமிருந்து எழுதுகிறேன், அதனால் இந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்வது பொருத்தம்.

நீங்கள் சொன்ன தூத்துக்குடிக் கொள்கலன் பனாமாவிலிருந்து அன்ட்வேர்ப், அங்கிருந்து கொழும்பு, பிறகு தூத்துக்குடி என்று வந்தது. அதற்கு முன்னர், 2016 டிசம்பரில், எக்குவடோரிலிருந்து இந்தியாவுக்குப் போக வேண்டிய மரக் கொள்கலன் ஒன்று கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்டது. 928 கிலோ கொக்கெய்ன், 2018 ஜனவரியில் பகிரங்கமாக அழிக்கப்பட்டது. இரண்டும் மரம், இரண்டும் தென் அல்லது மத்திய அமெரிக்கா, இரண்டுக்கும் முடிவிடம் இந்தியா. ஒன்று நடுவில் பிடிபட்டது, மற்றது நடுவைத் தாண்டிப் போனது.

ஏன் தாண்டும்? கொழும்பு ஆண்டுக்கு 70 இலட்சம் டி.இ.யூ.வுக்கு (20 அடிக் கொள்கலன் கணக்கு) மேல் கையாளுகிறது, அதில் பெரும்பகுதி மீள்கப்பலேற்றம், நீங்கள் சொல்லும் டிரான்ஷிப்மென்ட். அந்தக் கொள்கலனுக்கு உள்ளூர் இறக்குமதியாளர் இல்லை, சுங்கப் பிரகடனம் இல்லை, கணக்குப்பிள்ளை சொன்ன அந்த ஒரு வரி மட்டுமே. இரண்டு மூன்று நாளில் அடுத்த கப்பலில் ஏறிவிடும். அது அடுக்கில் நாலு கொள்கலனுக்குக் கீழே கிடந்தால் வெளியில் எடுக்க முனையத்துக்குச் செலவு, அதை யார் கட்டுவது என்ற வாக்குவாதம் முடிவதற்குள் கப்பல் போய்விடும். ஆகவே கப்பல் கரைக்கு வருவதற்கு முன்னரே சரக்குப் பட்டியலைப் பார்த்து இலக்கத்தைக் குறித்து, இறக்கும்போதே தனியாக வைக்கும்படி முனையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். அடுக்குக்குள் போன பிறகு குறித்துப் பலனில்லை.

மற்றத் துறைமுகங்களோடு பேசுவதற்கு உலக சுங்க அமைப்பின் பாதுகாக்கப்பட்ட தகவல் தளம் ஒன்றுண்டு, 'கன்டெய்னர்கொம்' என்பார்கள். திட்டத்தில் இருக்கும் பிரிவுகள் ஒன்றுக்கொன்று அதில் எச்சரிக்கை அனுப்பலாம். பயிற்சியில் அதை இயக்கச் சொல்லித் தருவார்கள். செய்தியை எப்படி எழுதுவது என்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுவது. 'சந்தேகத்துக்கிடமான மரக் கொள்கலன், தயவுசெய்து பரிசோதிக்கவும்' என்று அனுப்பினால் மறுமுனையில் இருப்பவர் அதை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். கொள்கலன் இலக்கம் சோதனை இலக்கத்தோடு, கப்பலின் பெயரும் அதன் நிரந்தர அடையாளமான ஐ.எம்.ஓ. இலக்கமும் பயண இலக்கமும், பி.எல். இலக்கம், ஏற்றிய துறைமுகம், வரும் நேரம், முத்திரை இலக்கம். பிறகு ஏன் சந்தேகம் என்று இரண்டு வரி. கடைசியில் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும்: முத்திரையை மட்டும் பார்த்துப் படம் அனுப்புவதா, ஸ்கான் செய்வதா, திறப்பதா, அல்லது தொடாமல் விட்டு எங்கு போகிறது என்று சொல்வதா. தொடக்கூடாது என்று நீங்கள் எழுதாவிட்டால் அவர்கள் திறந்துவிடுவார்கள். அதன்பிறகு பெறுபவரைப் பிடிக்கும் வாய்ப்புப் போய்விடும்.

யாராவது உங்களுக்கு எச்சரிக்கை அனுப்பி, பார்த்ததில் ஒன்றும் இல்லை என்றால் 'ஒன்றுமில்லை' என்றே பதில் எழுதுங்கள், எதைப் பார்த்தீர்கள் என்பதோடு. பதில் வராத பிரிவுக்கு இரண்டாவது முறை யாரும் தகவல் அனுப்ப மாட்டார்கள். இது எந்தக் கையேட்டையும்விட முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

பழையஃபைல்:

பிடித்த பிறகு நடப்பது பற்றியும், பிரிவு ஏன் படுத்துவிடுகிறது என்பது பற்றியும் சொல்கிறேன்.

பெட்டியில் பை தெரிந்ததும் எல்லோரும் உள்ளே பாய்வார்கள். அங்கேதான் வழக்கு கெடுகிறது. கதவைத் திறப்பதற்கு முன் பெட்டி எண், சீல், கைப்பிடி மூன்றுக்கும் தனித்தனிப் படம். திறந்ததும் தொடாமல் ஒரு படம். ஒவ்வொரு அடுக்கு எடுக்கும்போதும் ஒரு படம். வெட்டிய சீலின் இரண்டு துண்டும் உறையில் போக வேண்டும், பலர் மேல் துண்டைக் கீழே போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். பைக்குள் மாற்று சீல் ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ரிப்-ஆஃப் வகை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது, அதில் உள்ள எண் தகவல் எங்கே கசிந்தது என்று கண்டுபிடிக்க உதவும். பையின் கைப்பிடி, டேப்பின் ஒட்டும் பக்கம் இவற்றில் ரேகை இருக்கும். அதையெல்லாம் மேஜைமேல் கோபுரமாக அடுக்கி வைத்து அதிகாரிகள் வரிசையாக நின்று போட்டோ எடுத்தால் ரேகை நிபுணருக்கு மிஞ்சுவது அதிகாரிகளின் ரேகைதான். நம் நாட்டில் போதைப்பொருளுக்கான என்.டி.பி.எஸ். சட்டம் 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னால் பட்டியலும் மாதிரியும் எடுக்க வேண்டும் என்பதை வெளிநாட்டுப் பயிற்றுநர் சொல்லமாட்டார். அவருக்குத் தெரியாது. அவர் சொல்லும் முறையை நம் சட்டத்தோடு பொருத்திக்கொள்வது உங்கள் வேலை.

பெட்டியை நிறுத்தாமல் பின்தொடர்ந்து பெறுபவரைப் பிடிப்பது கட்டுப்படுத்தப்பட்ட விநியோகம், எல்லோரும் 'கன்ட்ரோல்டு டெலிவரி' என்றே சொல்வார்கள். இதற்குச் சட்ட ஆதாரம்: போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988 வியன்னா ஒப்பந்தத்தின் 11-ஆவது பிரிவு, திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான பாலெர்மோ ஒப்பந்தத்தின் 20-ஆவது பிரிவு, நம் பக்கம் என்.டி.பி.எஸ். 50ஏ, கஸ்டம்ஸ் சட்டம் 109ஏ. சரக்கை அப்படியே விடலாம், எடுத்துவிடலாம், பாதியோ முழுதோ மாற்றிவைக்கலாம் என்று வியன்னா ஒப்பந்தம் சொல்கிறது. சில நாட்டுச் சட்டத்தில் உண்மைச் சரக்கு எல்லை தாண்டக்கூடாது. சில நாட்டு நீதிமன்றம் முழுக்க மாற்றிவிட்டால் 'அவரிடம் போதைப்பொருளே இல்லையே' என்று கேட்கும். ஒரு சிறு அளவு உண்மைச் சரக்கை விட்டு மற்றதை மாற்றுவது இதனால்தான். யார் அனுமதி, எந்த இடத்தில் யார் கையில் பொறுப்பு மாறும், பெட்டி பார்வையிலிருந்து போனால் எந்த நிமிடத்தில் நிறுத்துவது, இவை எழுத்தில் இல்லாமல் ஒருபோதும் தொடங்காதீர்கள்.

பிரிவு படுப்பதற்குக் காரணம், சுற்றி வளைக்காமல் சொன்னால், டிரான்ஸ்ஃபர். ஒரு பிரிவில் எட்டுப் பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு இரண்டு வருடத்தில் ஆறு பேரை வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறோம். மீதி இரண்டு பேர் புதியவர்களுக்குச் சொல்லித் தருவார்கள் என்று எதிர்பார்ப்பது வேடிக்கை. அடுத்தது, ஒவ்வொரு ஏஜென்சியும் தன் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொள்வது. ஒரே அறையில் உட்கார்ந்தும் போலீஸ்காரருக்கு மேனிஃபெஸ்ட் தெரியாது, சுங்கக்காரருக்குப் பழைய குற்றவாளிப் பட்டியல் தெரியாது என்றால் அறை எதற்கு? மூன்றாவது, பிடித்ததை மட்டும் எண்ணுவது. ஐம்பது பெட்டியை ஏன் தேர்ந்தெடுத்தோம், உள்ளே என்ன இருந்தது என்று ஒரு சாதாரண எக்செல் தாளில் எழுதிவைத்தால் ஆறு மாதத்தில் எந்த அறிகுறி வெறும் சத்தம் என்று தெரிந்துவிடும். மேலிடம் கேட்பது 'எத்தனை கிலோ' மட்டுமே என்பதால் யாரும் எழுதுவதில்லை.

ஆபீசின் கோளாறா பயிற்சியின் கோளாறா என்று கேட்டீர்கள். முக்கால்வாசி ஆபீஸ். பயிற்சியின் பங்கும் உண்டு: ரோட்டர்டாம் பெட்டியையும் ரோட்டர்டாம் ஸ்கேனரையும் காட்டிவிட்டுப் போகிறார்கள், ஒரே எடைமேடையும் மழைக்காலத்தில் நிற்கும் ஸ்கேனரும் உள்ள துறைமுகத்தில் என்ன செய்வது என்று சொல்வதில்லை. செய்முறை வாரத்தில் உங்கள் துறைமுகத்தின் உண்மை மேனிஃபெஸ்டை வைத்துத்தான் பயிற்சி வேண்டும் என்று பிடிவாதம் பிடியுங்கள்.

பாங்காக் விஷயம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பணத்தில் நடக்கும் சர்வதேசச் சட்ட அமலாக்க அகாடமிகளில் அது ஒன்று. 1995-இல் புடாபெஸ்ட்டில் முதலாவது தொடங்கியது; போட்ஸ்வானாவின் காபரோன், அமெரிக்காவின் ராஸ்வெல், எல் சால்வடோரின் சான் சால்வடோரிலும் பிறகு தொடங்கினார்கள். இந்தோனேசியாவின் செமராங்கில் ஆஸ்திரேலியா கூட்டில் 2004-இல் தொடங்கிய மையம் வேறு. இவை தனி ஆளுக்கான வகுப்புகள்: பல நாட்டு அதிகாரிகள் சேர்ந்து விசாரணை, நிதிப் புலனாய்வு, தலைமைப் பண்பு படிப்பார்கள். அங்கே கிடைக்கும் பெரிய லாபம் அறிமுகம். பிறகு ஒரு கோரிக்கை முறைப்படி போவதற்கு முன் போன் செய்து 'உங்கள் ஊரில் இதை யாருக்கு எழுத வேண்டும்?' என்று கேட்கலாம். கன்டெய்னர் திட்டம் ஆளுக்கானதில்லை, பிரிவுக்கானது. ஒருவரை மட்டும் அனுப்பினால் அதில் பாதிப் பயன் போய்விடும். குறைந்தது மூன்று பேர், அதில் ஒருவர் மேனிஃபெஸ்ட் மேஜைக்காரர் என்று கேட்டுப்பாருங்கள்.

கரைக்காவலன்:

ஒரு கடைசிக் கேள்வி. பெயர் அனுப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்? எங்கள் ஆபீசில் எப்போதும் கடைசி நிமிடத்தில் பெயர் மாறும்.

பழையஃபைல்:

கடைசி நிமிட மாற்றம்தான் ஆபத்து. அமெரிக்கப் பணத்தில் நடக்கும் பயிற்சி என்றால் லேஹி சட்டப்படி ஒவ்வொருவரின் பெயரையும், அவர் இருக்கும் பிரிவையும் மனித உரிமை மீறல் பின்னணிக்காக முன்கூட்டியே சரிபார்ப்பார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஒருவர் போக முடியாமல் வேறொருவர் பெயர் கொடுத்தால் சரிபார்ப்பு மறுபடி முதலிலிருந்து, பெரும்பாலும் அந்த இடம் காலியாகவே போய்விடும். அதனால் மாற்று ஆட்கள் இரண்டு பேரின் விவரத்தையும் முதல் தடவையே சேர்த்து அனுப்பிவிடுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். இனிஷியலை விரித்து ஒரு இடத்திலும் சுருக்கி இன்னொரு இடத்திலும் எழுதினால் இரண்டு ஆள் என்று திரும்பி வரும். பாஸ்போர்ட் காலம் முடிய ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்பதையும் இன்றைக்கே பாருங்கள்.

போல்ட்சீல்:

செய்முறை நாட்களுக்குச் சொந்த டார்ச்சும் காலில் இரும்பு முனை ஷூவும் எடுத்துப் போங்கள். அங்கே கொடுக்கும் ஷூ எப்போதும் 10-ஆம் நம்பர்தான்.